ஒற்றை அறைக்குள் எதை எடுத்துச் செல்வது?

கோயம்புத்தூருக்கு அருகே உள்ள முதியோர் குடியிருப்பு ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். புதிதாக வருகிறவர்களின் அறையை ஒழுங்குசெய்து கொடுப்பதும், அவர்கள் கொண்டுவரும் பொருள்களுக்கு இடம் கண்டுபிடிப்பதும், பின்னர் அவை கெடாமல் பார்த்துக்கொள்ள உதவுவதும் என் பொறுப்பில் உள்ளன. எங்கள் அறை ஒவ்வொன்றும் ஏறக்குறைய பன்னிரண்டுக்குப் பத்து அடி இருக்கும். கட்டில், இரும்பு பீரோ, சிறிய மேசை, நாற்காலி, சுவரில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தவர், பரணிலும் அடுக்களையிலும் அறைகளிலும் சேர்த்து வைத்த அனைத்திலிருந்தும் இந்த ஓர் அறைக்குள் அடங்கக்கூடியதை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு வர வேண்டும். அந்தப் பிரித்தெடுப்பை எவர், எப்படிச் செய்கிறார் என்பதைப் பொறுத்தே அவர் இங்கே எவ்வளவு விரைவில் நிம்மதியாக உறங்கத் தொடங்குகிறார் என்பது அமைகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெற்றோரை இடம் மாற்ற நேரும் பிள்ளைகளுக்கும், தம் பொருள்களைத் தாமே ஒழுங்குசெய்ய விரும்பும் மூத்தவர்களுக்கும் பயன்படும் என்பதற்காக நான் கண்டவற்றையும் கற்றவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கு வரும் பெண்களில் பலருக்கு, தமக்கென்று தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஓர் அறை கிடைப்பது எழுபது வயதுக்கு மேல் இங்கேதான். பழைய வீடுகளில் ஆண்கள் திண்ணையிலும் பெண்களும் குழந்தைகளும் கூடத்திலும் படுத்தார்கள். பாயைச் சுருட்டி வைத்துவிட்டால் படுக்கும் இடம் மறுபடியும் புழங்கும் இடம் ஆகிவிடும். பூட்டு உள்ள அறை என்றால் பெரும்பாலும் அது நெல்லும் பாத்திரமும் இருந்த அறை. ஆகவே ஒரு பெண்ணுக்கே சொந்தமான இடம் என்பது அவள் பிறந்த வீட்டிலிருந்து சீரோடு வந்த டிரங்குப் பெட்டிதான். அதன் சாவி முந்தானையிலோ இடுப்பிலோ இருக்கும். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கணவருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. ‘அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா’ என்று சொல்லும் மகன்களும் மகள்களும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். உண்மையில் அவர்களுக்குத் தெரிந்தது கூடத்தில் இருந்த பொருள்கள்தாம்.

பிள்ளைகள் கட்டிக்கொண்டு வரும் மூட்டைக்கும் பெற்றோர் உள்ளுக்குள் தேடும் பொருளுக்கும் இடையே உள்ள தூரத்தை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். புதுத் தொலைக்காட்சி, புது மெத்தை, புதுப் போர்வை, குடும்பத்தினர் அனைவரும் நிற்கும் பெரிய சட்டமிட்ட வண்ணப்படம் ஆகியவை முதல் நாளே வந்து சேரும். பஞ்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வேலை செய்த ஒரு பெரியவர், இவை அனைத்தும் வந்த பிறகும், மூன்றாம் நாள் என்னைத் தனியே அழைத்து, “ஏனுங்கம்மா, என்ற டோக்கன் அந்த வூட்டுலயே நின்னுபோச்சுங்களே” என்றார். வேலைக்கு நுழையும்போது காட்டுவதற்காக மில்லில் கொடுத்திருந்த, எண் பொறித்த பித்தளை வில்லை அது. பூஜை அறை மாடத்தில் விபூதிக் கிண்ணத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது. மகனுக்கு அது பழைய பித்தளைத் துண்டாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆலை மூடப்பட்ட பின்பு தம் உழைப்புக்கு அவரிடம் மிஞ்சிய சாட்சி அது ஒன்றே. தேடி எடுத்து வந்து கொடுத்தார்கள். இப்போது அது அவர் கட்டிலின் தலைப்பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.

இன்னொரு அம்மா அஞ்சறைப்பெட்டியைக் கொண்டுவந்தார். எங்கள் குடியிருப்பில் பொதுச் சமையலறைதான். அறையில் அடுப்புக்கு அனுமதி இல்லை. ஆகவே ‘இது எதற்கு’ என்று மருமகள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தப் பெட்டியை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மஞ்சளும் எண்ணெயும் ஏறி ஏறிக் கறுத்த மரம், விரல் வைத்து மூடியைத் தள்ளும் இடத்தில் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். அறைகளில் ஒன்றில் சீரகம், ஒன்றில் மிளகு, ஒன்றில் வெந்தயம் என்று அவர் இன்றும் சிறிதளவு வைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழையதைக் கொட்டிப் புதியது நிரப்புகிறோம். மாலையில் ஒருமுறை திறந்து முகர்ந்து பார்ப்பார். எவருக்கும் எந்தத் தொல்லையும் இல்லாத இந்தப் பழக்கத்தால் அவர் அந்த அறையைத் தம் வீடாக ஏற்றுக்கொண்டார்.

1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் 82 குடும்பங்களைச் சேர்ந்த 315 பேரை, பேரன் பேத்திகள், பெற்றோர், தாத்தா பாட்டி என்று மூன்று தலைமுறையினராகச் சந்தித்து, வீட்டில் தமக்கு நெருக்கமான பொருள்கள் எவை, ஏன் என்று மிஹாய் சிக்சென்ட்மிஹாய், யூஜீன் ராக்பெர்க்-ஹால்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கேட்டறிந்தார்கள். இளையவர்கள் பாட்டுக் கேட்கும் கருவி போன்று தாம் இயக்கக்கூடிய பொருள்களைச் சொன்னார்கள். மூத்தவர்கள் புகைப்படம் போன்று மனிதர்களை நினைவுபடுத்தும் பொருள்களைச் சொன்னார்கள். விலை உயர்ந்தது என்ற காரணத்துக்காக ஒன்றை நேசித்தவர்கள் மிகக் குறைவு. ஊரும் காலமும் வேறு என்றாலும் எங்கள் அறைகளில் நான் காண்பதும் இதுவே. ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன். மூத்தவர்களும் இயக்கும் பொருளை விடுவதில்லை. தினமும் சாவி கொடுக்கும் கைக்கடிகாரமும், வெற்றிலைப் பாக்கு இடிக்கும் சின்ன உரலும், குமிழைத் திருகும் வானொலியும் அவர்களுக்கு வேண்டியிருக்கின்றன. கைக்கு ஒரு வேலையும் நாளுக்கு ஒரு தொடக்கமும் தரும் பொருளை ‘பழசு’ என்று ஒதுக்கிவிடக் கூடாது.

சரியான பொருளைக் கண்டுபிடிக்க ஒரே வழி கேட்பதுதான். கேட்பதிலும் முறை உண்டு. ‘உங்களுக்கு மிகவும் முக்கியமானது எது?’ என்று கேட்டால், பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்று எண்ணி, ‘எனக்கென்னப்பா வேணும், ரெண்டு சேலை போதும்’ என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாகப் பழைய வீட்டிலேயே, மூட்டை கட்டத் தொடங்குவதற்குப் பல நாள்கள் முன்பே, ஒவ்வொரு பொருளாகக் கையில் கொடுத்து, ‘இது யார் கொடுத்தது? எப்போது வந்தது?’ என்று கேளுங்கள். எந்தப் பொருளைப் பற்றிப் பேசும்போது பேச்சு நீள்கிறதோ, எதைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பேசுகிறார்களோ, அதைத் தனியே வையுங்கள். அனுமதி பெற்றுக்கொண்டு கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். கூட்டமாக நின்று கேட்காமல் ஒருவர் மட்டும் உட்கார்ந்து கேட்பது நல்லது. மகனுக்கு முன்னால் சொல்லாததைப் பேத்தியிடம் சொல்வார்கள். சொல்ல விரும்பாத பொருளும் இருக்கும். பூட்டிய பெட்டியையோ முடிச்சிட்ட துணியையோ அவர்கள் இல்லாதபோது திறப்பது கூடவே கூடாது. காரணம் கேட்காமல் அப்படியே கொண்டுவந்து வைத்தால் போதும்.

பொருளோடு ஒரு சீட்டும் வர வேண்டும் என்று வற்புறுத்துவேன். என்ன பொருள், எவரிடமிருந்து வந்தது, ஏறக்குறைய எந்த ஆண்டு, படமாக இருந்தால் இடமிருந்து வலமாக எவரெவர், பிற்பாடு எவருக்குச் சேர வேண்டும் என்ற விவரங்கள் போதும். இதை எழுதாத காரணத்தால் நூறு ஆண்டுப் பழைய படங்கள், மிக அழகான நிலையிலேயே, முகம் தெரியாதவர்களின் படங்களாகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தாள் அழிவதற்கு முன்பே பெயர் அழிந்துவிடுகிறது.

அறையில் பொருளை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. நான் செய்வது எளிய வேலை. அவர் வருவதற்கு முன் அந்தக் கட்டிலில் நானே படுத்துப் பார்க்கிறேன். வலப்பக்கம் திரும்பினால் கண்ணில் என்ன படுகிறது, கையை நீட்டினால் எதுவரை எட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு, நேசப் பொருள்களில் ஒன்றிரண்டையாவது அந்த எல்லைக்குள் வைக்கிறேன். நின்றுகொண்டு பார்க்கும் நமக்கு ஏற்ற உயரத்தில் படத்தை மாட்டிவிட்டால், படுத்திருப்பவருக்குக் கண்ணாடியின் பளபளப்பு மட்டுமே தெரியும். பழைய வீட்டில் தண்ணீர்ச் செம்பு எந்தப் பக்கம் இருந்தது, விளக்கு விசை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டு, முடிந்தவரை அதே பக்கத்தில் அமைத்தால் இரவில் தடுமாற்றம் குறைகிறது. வடக்கே தலை வைக்க மாட்டேன் என்பவரிடம் வாதம் செய்யாமல் கட்டிலைத் திருப்பிப் போட்டுவிடுங்கள். கட்டிலுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் இடையே உள்ள வழியில் மட்டும், எவ்வளவு நேசித்த பொருளாக இருந்தாலும், மிதியடி, கம்பளம், மின்கம்பி, சிறு முக்காலி எதையும் வைக்க விடமாட்டேன். முதியவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு பெரும்பாலும் கீழே விழுவதால்தான் வருகிறது. எண்ணெய் விளக்கு திரைச்சீலைக்கும் படுக்கைக்கும் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். ஆக்சிஜன் கருவி உள்ள அறையில் சுடர் எந்த வடிவிலும் கூடாது. நினைவு மங்கத் தொடங்கியவர்களுக்கு, அவர்களுடைய இளவயதுப் படம் ஒன்றையும் அடையாளம் காணும் ஒரு பொருளையும் அறை வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம். அறை எண்ணைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாதவர்கூட அதைப் பார்த்துத் தம் அறைக்குள் நுழைகிறார்.

இனிப் பொருள்களைக் காப்பது பற்றி. இதில் பட்டுப் புடவையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் பீரோக்களில் அதிகம் இருப்பதும், அறியாமையால் அதிகம் கெடுவதும் அதுதான். காஞ்சிபுரம் பட்டில் உண்மையான சரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. வெள்ளி என்பதால் அது கறுக்கும். பாச்சை உருண்டையைப் புடவை மடிப்புக்குள் நேரடியாகப் போடும் பழக்கம் எல்லா வீடுகளிலும் இருக்கிறது. அந்த உருண்டை சரிகையைத் தொட்டால் அதன் நிறத்தைக் கெடுக்கும். மூடிய சிறிய அறையில் அந்த வாடை மூச்சுக்கும் நல்லதன்று. சிலவகைப் பிறவி நொதிக் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு அந்த உருண்டையின் வேதிப்பொருள் இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியது என்பதால், அந்தத் துணியில் பேரக்குழந்தையைப் போர்த்துவதைத் தவிர்க்க வேண்டும். பூச்சி வராமலிருக்க வேறு வழி உண்டு. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைக் காப்பதற்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கும் மரபு இருக்கிறது. அதையே சிறு முடிச்சுகளாக்கி, துணியில் படாதவாறு பீரோவின் மூலைகளில் வைக்கிறோம். வாசம் போனவுடன் மாற்றிவிட வேண்டும்.

புடவையைப் பிளாஸ்டிக் உறையில் வைத்தால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். செய்தித்தாளில் சுற்றினால் மையும் அமிலமும் ஏறும். நன்றாகத் துவைத்த, கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டித் துணியே மிகச் சிறந்த உறை. கஞ்சி இருந்தால் அதைத் தின்ன வரும் பூச்சி பட்டையும் விடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, பழைய மடிப்பு விழுந்த இடத்தில் மறுபடியும் மடிப்பு விழாதவாறு மாற்றி மடிக்க வேண்டும். கூறைப் புடவைகள் பெரும்பாலும் உடுத்திக் கெட்டவை அல்ல. திருமண நாளில் மடித்த அதே மடிப்பில் நாற்பது ஆண்டுகள் கிடந்து, மடிப்புக் கோட்டிலேயே கீறிப் போனவை. ஏற்கெனவே கீறத் தொடங்கியிருந்தால் மடிப்பதை விட்டுவிட்டு, துணி சுற்றிய அட்டைக் குழாயில் உருட்டி வைப்பது நல்லது. இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பழைய பட்டுப் புடவைகளை விலைக்கு வாங்க வீடு தேடி வருகிறவர்கள் அவற்றைச் சரிகையில் உள்ள வெள்ளிக்காகவே வாங்குகிறார்கள். பெரும்பாலும் புடவை எரிக்கப்பட்டு வெள்ளி பிரிக்கப்படும். வீடு காலி செய்யும் அவசரத்தில் மாமியாரின் கூறைப் புடவையை அப்படிக் கொடுத்துவிட்டு, பிறகு தேடிய குடும்பத்தை எனக்குத் தெரியும். கேட்காமல் கொடுத்த பொருளை எந்தப் பணத்தாலும் திரும்ப வாங்கிவிட முடியாது.

நூல் புடவையின் கதை வேறு. அம்மாவின் பழைய நூல் புடவையைப் போர்வையாக்கி வைத்திருக்கும் எண்பது வயதுக்காரர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். குழந்தைகள் ஒரு துணியையோ பொம்மையையோ விடாமல் பற்றிக்கொள்வதைப் பற்றி டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1950களின் தொடக்கத்தில் ஆராய்ந்து எழுதினார். தாய் அருகில் இல்லாத நேரத்தைத் தாங்கிக்கொள்ள அந்தத் துணி உதவுகிறது என்றார். தாயின் பழைய புடவையில் தூளி கட்டி வளர்க்கும் நம் ஊரில் இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. முதுமையிலும் அந்தத் தேவை திரும்புகிறது. ஆகவே அப்படிப்பட்ட துணியை அழுக்கு என்று கருதி, கேட்காமல் எடுத்துத் துவைத்துவிடக் கூடாது என்று எங்கள் பணியாளர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். துவைக்கத்தான் வேண்டும், ஆனால் அவரிடம் சொல்லிவிட்டு, அன்று மாலைக்குள் காய்ந்து திரும்ப வந்துவிடும்படி, வாசனைப் பொடி இல்லாமல் துவைக்க வேண்டும். துணி கிழியும் நிலையில் இருந்தால், புதிய மல் துணியை அடியில் வைத்துத் தைத்துக் கொடுக்கலாம்.

புகைப்படங்களுக்கு முதல் எதிரி ஈரம், இரண்டாவது எதிரி வெயில், மூன்றாவது எதிரி நாம் ஆசையாக வாங்கிய ஒட்டும் ஆல்பம். பக்கம் முழுவதும் பசைக் கோடுகளும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பங்களில் பசை மஞ்சளாகிப் படத்தோடு பிணைந்துவிடுகிறது. அதிலிருந்து படத்தை எடுக்க மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, அறுப்பதுபோல் மெதுவாக நகர்த்தினால் பெரும்பாலும் பிரிந்துவிடும். சட்டமிட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்கவே முயல வேண்டாம். படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் என்பதால் ஈரத்தில் இளகிக் கண்ணாடியில் பிடித்திருக்கும், இழுத்தால் முகமே பெயர்ந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்யும்போது அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவு போதும், பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு அதைவிடக் கூட்டிக்கொள்ளலாம். கைப்பேசியில்தான் எடுக்க முடியும் என்றால் நேரடி வெயில் படாத ஜன்னலோரத்தில், பளிச்சிடும் விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். 1970களிலும் 1980களிலும் அச்சிட்ட வண்ணப் படங்கள் ஆல்பத்தின் இருட்டிலேயே சிவந்து போவதுண்டு. நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதே அதற்குக் காரணம். அவற்றின் முறை வரும் முன்பே, கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு முன்னதாக நகல் எடுங்கள். படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்புறம் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதலாம், வழுக்கும் தாளாக இருந்தால் உறையின்மேல் எழுதலாம்.

ஒலிநாடாவைப் பற்றி ஒரு நிகழ்வோடு சொல்கிறேன். கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்த காலத்தில் தொலைபேசி அரிதாகவும் செலவு மிகுந்ததாகவும் இருந்ததால், கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடாவில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பும் வழக்கம் தமிழகத்தில் பல ஊர்களில் இருந்தது. எங்களிடம் வந்த ஓர் அம்மா அப்படிப்பட்ட நாடாக்களைப் பிஸ்கட் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கணவர் காலமாகி நெடுங்காலம் ஆகிவிட்டது. பாட்டுப்பெட்டி பழுதான பிறகு அவர் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. பேரன் ஒரு பழைய பாட்டுப்பெட்டியைக் கொண்டுவந்து உடனே போட்டுக் காட்ட விரும்பினான். பொறுக்கச் சொன்னோம். முதலில் நாடாவின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிட வேண்டும். அப்போதுதான் தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் குரல் அழியாது. வேறொரு மதிப்பில்லாத நாடாவைப் போட்டுப் பெட்டி நாடாவைத் தின்கிறதா என்று சோதிக்க வேண்டும். பெட்டிக்குள் நாடா உரசிச் செல்லும் தலைப்பகுதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கத்தைச் சீராக்கிய பிறகே, பெட்டியின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்குக் கம்பி போட்டு, முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகவும் ஆகிவிடலாம். சுருக்காத வேவ் (WAV) ஒலிக்கோப்பாக ஒன்றைச் சேமித்து, கேட்பதற்கும் உறவினர்க்கு அனுப்புவதற்கும் எம்பி3 கோப்பைத் தனியே எடுத்துக்கொண்டோம். “மீன் வாங்கினியா, வாப்பாவுக்கு மருந்து கொடுத்தியா” என்று குரல் விசாரிக்கத் தொடங்கியதும் அந்த அம்மா, “கொடுத்தேங்க” என்று பதில் சொன்னார். இப்போது ஒரே ஒரு பொத்தான் உள்ள சிறிய ஒலிப்பெட்டியில் அந்தக் கோப்புகளை ஏற்றித் தலையணைக்கு அருகே வைத்திருக்கிறோம்.

கைக்கடிகாரங்களில் நாங்கள் அதிகம் காண்பது எச்எம்டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் உற்பத்தி தொடங்கிய அந்த அரசு நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. முதல் சம்பளத்தில் வாங்கியது, ஓய்வு பெறும் நாளில் கொடுத்தது, மாமனார் போட்டது என்று ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கும். தினமும் ஒரே நேரத்தில், தடை தெரியும்வரை மட்டும் சாவி கொடுங்கள். பல ஆண்டுகள் ஓடாமல் இருந்ததை அப்படியே முறுக்கி ஓட்டாமல், உள்ளே உறைந்த எண்ணெயைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் கொடுங்கள். டயலைப் புதுப்பித்துப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மஞ்சளான அந்த டயலைத்தான் அவர் அடையாளம் காண்கிறார். வால்வு வானொலிகளுக்கும் இதே விதி. நெடுநாள் சும்மா கிடந்ததை மின்சாரத்தில் செருகினால் பழைய மின்தேக்கிகள் வெடித்து உள்ளே எரிந்துவிடக்கூடும். அந்தக் காலத்தில் வானொலி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டிய சிறு புத்தகம் கூடவே இருந்தால், அதையும் பத்திரப்படுத்துங்கள்.

கடிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லேமினேஷன் செய்யாதீர்கள், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. செலோடேப் ஒட்டாதீர்கள், பசை பழுப்பாகி எழுத்தைத் தின்றுவிடும். குண்டூசியையும் கிளிப்பையும் அகற்றிவிட்டு, மடிப்பை விரித்துத் தாள் உறையில் தட்டையாக வையுங்கள். ரசீது, ஸ்கேன் படம் போன்று வெப்பத்தில் அச்சாகும் தாள்கள் சில ஆண்டுகளில் வெறுந்தாளாகிவிடும் என்பதால், கொள்ளுப்பேரனின் முதல் ஸ்கேன் படத்தை வைத்திருப்பவர்கள் இன்றே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு நிறுத்துவதும், மழைக்காலத்தில் வெயில் தலைகாட்டும் நாள்களில் கதவைத் திறந்து வைப்பதும் எல்லாப் பொருளுக்கும் நல்லது.

நகை இவற்றுள் சேராது. அதை அறையில் வைக்க வேண்டாம் என்றே சொல்கிறோம். வங்கிப் பெட்டகத்தில் வைக்கும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்குதான். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அந்தப் பொறுப்பும் இல்லை. பெட்டகத்துக்கு நியமனதாரர் (நாமினி) பெயரைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். ஆனால் தாலிக்கொடியையோ, அம்மா போட்டுவிட்ட மெலிந்த தோட்டையோ ஒருவர் கழற்ற மாட்டேன் என்றால், பாதுகாப்பைக் காரணம் காட்டி வற்புறுத்தக் கூடாது என்பது என் கருத்து.

எது எவருக்கு என்பதை அவர்கள் தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். நிலமும் பணமும் ஒழுங்காகப் பிரிக்கப்பட்ட குடும்பங்களில்கூட, ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழுக்காக அக்காளும் தங்கையும் பேச்சை நிறுத்தியதைக் கண்டிருக்கிறேன். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலில் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும், பதிவு செய்வது கட்டாயமில்லை. சாட்சிகளாக அந்தப் பொருளைப் பெறப்போகிறவர்களை வைக்காதீர்கள். ஆனால் நேசப் பொருள்களைப் பொறுத்தவரை உயிலைவிடச் சிறந்த வழி, விருப்பம் இருந்தால், உயிரோடு இருக்கும்போதே தம் கையால் கொடுப்பதுதான். பொங்கலுக்கோ பிறந்த நாளுக்கோ பேரப்பிள்ளைகள் வரும்போது ஒவ்வொன்றாகக் கொடுத்து, அதன் கதையையும் சொல்லி அனுப்பும் ஒரு பாட்டி எங்களிடம் இருக்கிறார். அவரிடம் இப்போது மிஞ்சியிருப்பது ஒரு கைப்பெட்டி மட்டுமே. அதை எவருக்கும் தருவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

ஒருவர் காலமான பின் அறையைக் காலி செய்ய எங்கள் குடியிருப்பில் காரியம் முடியும்வரை அவகாசம் கொடுக்கிறோம். வேறிடங்களில் அவசரப்படுத்தினாலும் குடும்பத்தினர் அந்த அவகாசத்தைக் கேட்டுப் பெற வேண்டும். குறைந்தது இருவர் சேர்ந்து, ஒரு பட்டியல் எழுதிக்கொண்டே பொருள்களைப் பிரித்தெடுங்கள். சட்டைப் பைகள், ரவிக்கை மடிப்புகள், தலையணை உறை, சாமிப் படங்களின் பின்புறம், பீரோத் தட்டில் விரித்த செய்தித்தாளின் அடி, மருந்துச் சீட்டுகளுக்கு இடையே என்று ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள். எங்கள் அனுபவத்தில் சீட்டு நிறுவன ரசீதும், வைப்புத்தொகைச் சான்றும், எவருக்கும் தெரியாத சிறு வயதுப் படமும் அங்கேதான் கிடைத்திருக்கின்றன. என்னவென்று புரியாத பொருளை அன்றே வீசிவிடாமல் ஒரு பெட்டியில் இட்டுத் தேதி எழுதி ஓராண்டு வையுங்கள். அதற்குள் உறவில் எவரேனும் ஒருவர் அதைப் பார்த்து, அது என்ன என்று சொல்லக்கூடும். பட்டியலின் நகலை எல்லாப் பிள்ளைகளுக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள்.